எங்க தெருவுல 50 கிரவுண்ட் மனை இருக்கு, ஒரு பார்க் இல்ல

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணிக்கு நானும் கீழ் வீட்டு மாமியோட பேரனும் ஒரு இரும்பு டேப்ப எடுத்துட்டுப் போய் எங்க தெருவ அளந்தோம். அந்த நேரத்துலதான் வண்டி வராது. அவன் எதிர் காம்பவுண்டு சுவத்துல டேப்போட நுனிய அழுத்திப் பிடிச்சிக்கிட்டான், நான் எங்க சுவத்து வரைக்கும் இழுத்துட்டு வந்தேன். 30 அடி 2 அங்குலம். அதே இடத்துலயே அடுத்து ஒவ்வொண்ணா கழிச்சிப் பார்த்தோம். எங்க பில்டிங்கோட கார் ஏத்துற சாய்வு ரோட்டுக்குள்ள 3 அடி வந்திருக்கு, எதிர் பில்டிங்கோடது இரண்டரை அடி, எதிர்ல எப்பவும் நிக்கிற கார் 6 அடி. மிச்சம் பதினெட்டரை அடி. நாலு பில்டிங் தள்ளி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற இடத்துல இன்னும் கம்மி, அங்க ரெண்டு கார் எதிரெதிரா வந்தா ஒண்ணு ரிவர்ஸ்லதான் போயாகணும்.

எதுக்கு அளந்தோம்னா, எங்க ஃப்ளாட்ஸ இடிச்சிக் கட்டப் போறாங்க. சென்னை மேற்கு மாம்பலத்துல இப்ப எந்தத் தெருவுக்குப் போனாலும் பச்சைத் துணி கட்டின பில்டிங் ஒண்ணாவது இருக்கும், எங்க முறை இப்ப வந்திருக்கு, அவ்ளோதான். 1984ல கட்டினது, 3 கிரவுண்ட் மனை (ஒரு கிரவுண்டுன்னா 2400 சதுர அடி), 12 வீடு, லிஃப்ட் கிடையாது. மூணாவது மாடில சீலிங் பேந்து கம்பி வெளிய தெரியுது, மழை பெஞ்சா படிக்கட்டு சுவத்துல கைய வச்சா ஈரமா இருக்கும். இடிக்கணும்ங்கறதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல, இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் கேள்வி கேக்க ஆரம்பிச்சதுல இருந்து நான் ரீடெவலப்மெண்டுக்கே எதிரின்னு எங்க அசோசியேஷன்ல நாலு பேர் நினைச்சிக்கிட்டு இருக்காங்க.

கணக்கப் பாருங்க. 3 கிரவுண்டுன்னா 7200 சதுர அடி. இப்ப இருக்கிற 12 வீடும் சேர்த்து கட்டினது ஏறக்குறைய 8400. 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்ல சாதாரண உயரக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2 ஆக்கிட்டாங்க, அதாவது மனை அளவுல ரெண்டு மடங்கு கட்டிக்கலாம். அதுக்கு மேல பிரீமியம் எஃப்எஸ்ஐன்னு ஒண்ணு இருக்கு, காசு கட்டி வாங்கிக்கிறது. அது எவ்ளோ கிடைக்கும்ங்கறத தீர்மானிக்கிறது மனைக்கு முன்னாடி இருக்கிற ரோடு. ரோடு 9ல இருந்து 12 மீட்டருக்குள்ள இருந்தா 30 சதவீதம் கூடுதல், 12ல இருந்து 18க்குள்ளன்னா 40, 18க்கு மேலன்னா 50. எங்களுக்கு 30 சதவீதம் கிடைச்சா மொத்தம் 18,720 சதுர அடி வரைக்கும் போகலாம். 8400 எங்க, 18,720 எங்க. அந்த வித்தியாசத்துலதான் பில்டர் எங்களுக்குப் பழைய வீட்டுக்குப் பதிலா பெரிய வீடு, வாடகைக் காசு, லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாம் குடுத்துட்டு தன்னோட லாபத்தையும் எடுக்கிறாரு.

9 மீட்டர்னா 29 அடி 6 அங்குலம். எங்க தெரு 30 அடி 2 அங்குலம். வெறும் எட்டு அங்குலத்துல தாண்டி நிக்கிறோம். 9 மீட்டர் இல்லன்னா ஸ்டில்ட்டுக்கு, அதாவது தரைல கார் நிறுத்த தூண் மட்டும் வச்சி விடற தளத்துக்கு, மேல அஞ்சு மாடிங்கற பேச்சே கிடையாது, பிரீமியமும் கிடையாது. பில்டரோட ஆள் முதல் மீட்டிங்ல சொன்ன முதல் வார்த்தையே "சார், உங்களுக்கு முப்பதடி ரோடு இருக்கு, நீங்க குடுத்து வச்சவங்க"ன்னுதான். எல்லாரும் சந்தோஷமா தலையாட்டினோம், நானும்தான்.

வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் உறுத்த ஆரம்பிச்சிது. ரோட்டு அகலத்தை வச்சி மாடிய முடிவு பண்றது ரொம்ப நியாயமான விதி. நிறைய பேர் குடியிருந்தா நிறைய வண்டி வரும், தீ பிடிச்சா ஃபயர் வண்டி உள்ள வரணும், கழிவுத்தண்ணி லைனும் மழைத்தண்ணி வடிகாலும் அந்த ரோட்டுக்கு அடிலதான் போகுது. ஆனா அந்த விதி ஒவ்வொரு மனையையும் தனித்தனியா பார்த்துதான் கேக்குது. உனக்கு முன்னாடி 9 மீட்டர் இருக்கா, இருக்கு, சரி போ. அடுத்த மனைக்கும் அதே 9 மீட்டரத்தான் காட்டறாங்க, அதுக்கு அடுத்த மனைக்கும் அதையேதான். ஒரே ரோட்ட பதினெட்டு பில்டிங் தன் கணக்குல காட்டுது, ஆனா ரோடு பதினெட்டு மடங்கு ஆகல.

எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வர்றத ஒரு நாள் நின்னு பாருங்க. முனைல திரும்பி நேரா உள்ள வந்தா வெளிய போக வழியில்லன்னு டிரைவர் மெயின் ரோட்டுலயே ரிவர்ஸ் போட்டுத்தான் தெருவுக்குள்ள வருவாரு. கிளீனர் பையன் பின்னாடி நடந்துக்கிட்டே லாரியோட உடம்பத் தட்டித் தட்டி "வா வா வா, லெஃப்ட்ல ஒடி, ஹோல்டு"ன்னு கத்துவான். வழில நிக்கிற ஸ்கூட்டி எல்லாம் ஒவ்வொண்ணா தூக்கி நகத்தி வைப்பான். ஸ்கூல் வேன் முனைல நிக்கும், குழந்தைங்க முதுகுல பையோட லாரிக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவுல ஒருக்களிச்சி நடந்து போகும். 12 வீட்டுல நாலு கார் இருந்த காலத்துலயே இப்படி. ஏற்கனவே ஏழு பில்டிங் இடிச்சிக் கட்டியாச்சு, மிச்சம் பதினொண்ணும் வரப்போகுது.

பார்க் விஷயம் இன்னும் கஷ்டம், ஏன்னா ரோடாவது பேருக்கு இருக்கு.

நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது அப்பா சாயந்தரம் துரைசாமி சப்வே வழியா அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போவாரு, பனகல் பார்க்குக்கு. எங்களுக்கு பார்க்னா அது ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு விஷயம், அப்படித்தான் வளர்ந்தேன். ரொம்ப வருஷம் கழிச்சிதான் ஏன்னு புரிஞ்சிது. தி.நகர் 1920கள்ல திட்டம் போட்டு உருவாக்கின ஊர். மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது 1920ல, அதுக்கப்புறம் லாங் டேங்க்ங்கற பெரிய ஏரிய வத்த வச்சி அந்த நிலத்துல ரோடு போட்டு, நடுவுல பனகல் பார்க்க வச்சி, அதச் சுத்தி தெருக்கள விட்டாங்க. ஏரிய அழிச்சது சரின்னு சொல்ல வரல, அதோட விலைய இன்னிக்கும் ஒவ்வொரு மழைக்கும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா மனை பிரிக்கிறதுக்கு முன்னாடியே பார்க் எங்கன்னு முடிவு பண்ணி கோடு போட்டாங்க பாருங்க, அந்த ஒரு வேலைய மட்டும் சரியா செஞ்சாங்க. லைனுக்கு இந்தப் பக்கம் எங்க மாம்பலம் கிராமமா இருந்து மனை மனையா தானா வளர்ந்தது. லேக் வியூ ரோடுன்னு எங்க பக்கம் ஒரு ரோடு இருக்கு, எந்த ஏரின்னு கேட்டா இப்ப இருக்கிற பசங்களுக்குத் தெரியாது.

அந்த பனகல் பார்க்லயும் இப்ப ஒரு பகுதிய மெட்ரோ ஸ்டேஷன் வேலைக்கு அடைச்சி வச்சிருக்காங்க. மெட்ரோ வேணும், அதுல சந்தேகமில்ல. ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒதுக்கி வச்ச ஒரு இடத்தையே நாம எல்லாத்துக்கும் எடுத்துக்கிட்டு இருக்கோம், நம்ம காலத்துல புதுசா ஒண்ணு கூட சேக்கல.

சேக்கறதுக்கு விதி இல்லாம இல்ல. ஓஎஸ்ஆர்னு சொல்றாங்களே, திறந்தவெளி ஒதுக்கீடு, அதுதான் அந்த விதி. மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா, உள்ள விடற ரோடு போக மிச்சத்துல 10 சதவீதத்த மாநகராட்சிக்கோ உள்ளாட்சிக்கோ தானப் பத்திரம் பதிஞ்சி இலவசமா குடுத்துடணும், பணமா கட்டறேன்னு தப்பிக்க முடியாது. 3000ல இருந்து 10,000 வரைக்கும் இருந்தா நிலமா குடுக்கலாம், முடியலன்னா அதோட கைடுலைன் மதிப்ப, அதாவது அரசாங்கம் அந்த நிலத்துக்கு வச்சிருக்கிற விலைய, கட்டிடலாம். 3000க்குக் கீழ இருந்தா ஒண்ணுமே குடுக்க வேண்டாம்.

3000 சதுர மீட்டர்னா எத்தன கிரவுண்டுன்னு போட்டுப் பார்த்தேன். பதிமூணரை கிரவுண்ட் வருது. மேற்கு மாம்பலத்துல பதிமூணரை கிரவுண்ட் ஒரே மனையா யார்கிட்ட இருக்கு சொல்லுங்க. ரெண்டு, மூணு, மிஞ்சிப் போனா அஞ்சு.

அன்னிக்கு அளந்த கையோட மாமியோட பேரனும் நானும் தெரு முழுக்க எண்ணினோம், எந்த பில்டிங் எத்தன கிரவுண்டுன்னு பாதி எனக்கே தெரியும், மிச்சத்த அங்கங்க வாசல்ல பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தவங்ககிட்ட கேட்டோம். 18 மனை, மொத்தம் கிட்டத்தட்ட 50 கிரவுண்ட். சதுர மீட்டர்ல 11,000க்குக் கொஞ்சம் மேல. அந்தப் பையன் எட்டாவது படிக்கிறான், அவன்தான் போன்ல கால்குலேட்டரத் தட்டிட்டு சொன்னான், "ஆன்ட்டி, இது மொத்தமும் ஒரே ஆளோடதா இருந்தா அஞ்சு கிரவுண்ட் பார்க்குக்கு விட்டே ஆகணும்ல?" ஆமாம்டா. அஞ்சு கிரவுண்ட், 12,000 சதுர அடி, சறுக்கு மரம் ஊஞ்சல் வச்சி, நாலு வேப்பமரம் வச்சி, பெரியவங்க சுத்தி நடக்க ஒரு பாதையும் போடலாம். அதே 50 கிரவுண்ட், அதே அளவு கட்டடம், அதே அளவு ஜனம், ஆனா 18 பேர் பேருல இருக்கிறதால தெருவுக்குக் கிடைக்கிற பார்க் பூஜ்யம்.

இதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறேன். பில்டர் யாரும் விதிய மீறல. ஒவ்வொரு பில்டிங்கும் விதிப்படிதான் எழும்புது. பதினெட்டும் எழும்பி முடிஞ்சப்புறம் நம்ம தெருவுல ரெண்டு மடங்கு ஜனம் இருக்கும், உக்கார ஒரு பெஞ்சு இருக்காது.

சரி, சின்ன மனைலயும் 10 சதவீதம் எடுக்கலாமேன்னு கேக்கலாம். எங்க மனைல அது 720 சதுர அடி. அத வச்சி என்ன பண்ண முடியும், பத்து பைக் நிறுத்தலாம். ஓஎஸ்ஆர் நிலத்துக்கே குறைஞ்சபட்சம் 10 மீட்டர் அகலம் வேணும்னு விதி இருக்கு, அந்த விதி சரிதான், துண்டு துண்டா எடுத்தா அது பார்க் ஆகாது. காசா வாங்கலாம்னா அதுவும் எங்கள மாதிரி இடத்துல பாதி பதில்தான், ஏன்னா எல்லா மனையும் கட்டி முடிஞ்சப்புறம் காச வச்சிக்கிட்டு நிலத்துக்கு எங்க போறது?

பெரிய மனைல நிலமா குடுத்த இடத்துல மட்டும் எல்லாம் சரியா நடக்குதான்னா அதுவும் இல்ல. வடசென்னைல பழைய ஃபேக்டரி நிலத்துல எழும்பின ஒரு பெரிய காம்ப்ளெக்ஸ்ல என் ஃப்ரெண்டு இருக்கா, பேர் வேண்டாம். அவங்க பார்க் எங்கன்னு கேட்டேன், பின்னாடி கூட்டிட்டுப் போனா. மெயின் கேட் தாண்டி, மூணு டவர் தாண்டி, ஜெனரேட்டர் ரூம் தாண்டி, கடைசி மூலைல நல்ல புல்வெளி. அது தானமா மாநகராட்சிக்குக் குடுத்த நிலம். அந்த மூலைக்குப் பொதுத்தெருவுல இருந்து ஒரு சின்ன இரும்பு கேட் இருக்கு, அதுல பூட்டு, பூட்டுல துரு. வெளிய அந்த கேட்டுக்கு நேரா ஒரு லைன் வீடு, அங்க இருக்கிற பசங்க கேட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் ரோட்டுல கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தாங்க, பந்து உள்ள விழுந்தா ஒரு பையன் கம்பி மேல ஏறிக் குதிச்சி எடுத்துட்டு வாச்மேன் வர்றதுக்குள்ள ஓடிடறான். எனக்கு வயித்தப் பிசைஞ்சிது. சட்டப்படி அந்தப் புல்லு அந்தப் பையனோடதும்தான்.

ரோடும் பார்க்கும் தனித்தனி விஷயம்னு நினைச்சிக்கிட்டிருந்த எனக்கு அந்த கேட்டப் பார்த்தப்பதான் ரெண்டும் ஒண்ணுன்னு புரிஞ்சிது. பொதுத்தெருவுல இருந்து நேரா காலெடுத்து வைக்க முடியாத பார்க், பேப்பர்ல யார் பேருல இருந்தாலும் உள்ள இருக்கிறவங்களோட தோட்டம்தான். பிளான் அப்ரூவ் பண்ணும்போதே அந்த 10 சதவீதம் வரைபடத்துல எந்த மூலைல உக்காருதுங்கறதுதான் முக்கியம். விக்க முடியாத மூலைய ஒதுக்கிட்டு ரோட்டு முகப்ப கடைக்கும் டவருக்கும் வச்சிக்கணும்னு தோணறது இயல்பு, அத ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்கதான் தடுக்கணும்.

கோர்ட்டுங்க இந்த விஷயத்துல ஜனங்க பக்கம் நின்னிருக்கு. 10 சதவீதத்த நஷ்ட ஈடே இல்லாம தானமா கேக்கறது சொத்துரிமைக்கு விரோதம்னு சென்னைல இருந்து போன ஒரு வழக்குல 2023ல சுப்ரீம் கோர்ட்டு அந்த விதி செல்லும்னு சொல்லிடுச்சி. அதுக்கு ரொம்ப முன்னாடி 1991ல பெங்களூர்ல பார்க்குக்குன்னு பிளான்ல ஒதுக்கின இடத்த தனியார் ஆஸ்பத்திரி கட்டக் குடுத்தத அந்தப் பகுதி ஜனங்களே கோர்ட்டுக்குப் போய் நிறுத்தினாங்க, ஆஸ்பத்திரியும் நல்லதுக்குத்தானேங்கற வாதம் சுப்ரீம் கோர்ட்டுல எடுபடல. பார்க்னு ஒதுக்கிட்டா அது பார்க்தான். ஆனா இதெல்லாம் ஏற்கனவே ஒதுக்கின இடத்தக் காப்பாத்தத்தான் உதவும். ஒதுக்காத இடத்துல கோர்ட்டு என்ன பண்ணும்?

குஜராத்ல ஒரு முறை இருக்கு. 1976 சட்டத்துல வர்ற டவுன் பிளானிங் ஸ்கீம். ஒரு பகுதில இருக்கிற எல்லா மனைக்காரங்களோட நிலத்தையும் கணக்குல ஒண்ணா சேத்து, ரோட்டுக்கும் பார்க்குக்கும் ஸ்கூலுக்கும் எல்லார்கிட்ட இருந்தும் ஒரு பங்க எடுத்துக்கிட்டு, மிச்சத்த திருத்தமான மனையா திருப்பிக் குடுத்துடுவாங்க. அகமதாபாத் விரிவானதே பெரும்பாலும் அப்படித்தான். காலி நிலத்துல பண்றது சுலபம், கட்டடம் நிக்கிற தெருவுல அப்படியே செய்ய முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா எங்க மாதிரி தெருவுல எல்லா பில்டிங்கும் பத்து பதினஞ்சு வருஷத்துக்குள்ள எப்படியும் இடிபடப் போகுது. இடிபடறது உறுதின்னு தெரிஞ்சா தெரு முழுக்க சேத்து ஒரு கணக்குப் போடலாமே. பிரீமியம் எஃப்எஸ்ஐக்கு ஒவ்வொரு பில்டரும் கைடுலைன் மதிப்புல ஒரு பங்க அரசாங்கத்துக்குக் கட்டறாரு, எங்க தெருவுல ஏழு பில்டிங் வந்தாச்சு, தெருவுக்குன்னு ஒரு ரூபா செலவானத நான் கண்ணால பார்க்கல. அந்தக் காசுல வார்டுக்கு ஒரு மனைய, அது விலைக்கு வரும்போதே மாநகராட்சி வாங்கிப் போட்டா போதும். எங்க தெருமுனைல ஒரு பழைய தனி வீடு, ரெண்டு கிரவுண்ட், ரெண்டு வருஷமா பூட்டிக் கிடந்தது, உள்ள பெரிய மாமரம். போன தை மாசம் வித்துட்டாங்க. மரத்த ஒரே நாள்ல மிஷின் வச்சி அறுத்தாங்க, சாயந்தரம் தெரு முழுக்க பச்சை மாங்கா வாசன.

சென்னைக்கான மூணாவது மாஸ்டர் பிளான் வேல நடக்குதுன்னு சொல்றாங்க. அதுக்கு ஆலோசன சொல்ற கூட்டம் உங்க பக்கம் நடந்தா தயவுசெஞ்சி போங்க, போய் உங்க தெருவோட கிரவுண்ட் கணக்க எழுதிக் குடுங்க. நான் குடுக்கப் போறேன், அந்தப் பையன் போட்ட படத்தோட.

இப்போதைக்கு எங்களால என்ன முடியும்னு யோசிச்சப்ப ஒண்ணுதான் தோணிச்சு. எங்க மனைக்கு ரோட்டுப் பக்கம் 60 அடி. காம்பவுண்டு சுவர மனை எல்லைல கட்டாம 4 அடி உள்ள தள்ளிக் கட்டினா 240 சதுர அடி ரோட்டோட சேரும். நிலம் எங்க பேருலயேதான் இருக்கும், யூடிஎஸ்ல, அதாவது மனைல அவங்கவங்களுக்கு இருக்கிற பிரிக்காத பங்குல, ஒரு அடி குறையாது, எஃப்எஸ்ஐயும் குறையாது, முன்னாடி எப்படியும் காலியா விட்டாகணும். கார் ஏத்துற சாய்வ அந்த 4 அடிக்குள்ள முடிச்சிட்டா ரோட்ட தொடவே வேண்டாம். மிச்ச நீளத்துக்கு ஒரு நடைபாதை, ரெண்டு புங்கமரம், மாமி உக்கார ஒரு கல்பெஞ்சு.

போன மீட்டிங்ல இதச் சொன்னேன். தமிழ்நாட்டுல 2022ல வந்த அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சாலே இடிச்சிக் கட்டலாம், பழைய மாதிரி எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு இல்ல, 12ல 10 பேர் ஏற்கனவே சரின்னுட்டாங்க, நானும் அதுல ஒருத்தி. அதனால என் பேச்ச யாரும் கேக்காம போயிடுவாங்களோன்னு பயமா இருந்தது. செகரட்டரி சார் பொறுமையா கேட்டுட்டு, "ஏம்மா, நாம மட்டும் விட்டா என்னாகும், எதிர் பில்டிங்காரன் விடுவானா?"ன்னாரு. ரெண்டாவது மாடி அண்ணா, அங்க பைக் நிறுத்திடுவாங்கன்னாரு. ரெண்டும் உண்மதான், எங்கிட்ட சட்டுனு பதில் இல்ல.

அப்ப மாமிதான் பேசினாங்க. 76 வயசு, முட்டி வலி, எந்த மீட்டிங்லயும் வாயத் திறக்க மாட்டாங்க. "நேக்கு எஃப்எஸ்ஐ எல்லாம் தெரியாது. கோயிலுக்குப் போறச்சே வண்டி வந்தா ஒதுங்க எடம் இல்ல, யாராத்து வாசப்படியிலயாவது ஏறி நின்னுண்டிருக்கேன். இப்ப கட்டற வீட்டுக்கெல்லாம் வாசப்படியும் கெடையாது, நேரா கேட்டுதான். நான் எங்க ஏறி நிக்கறது?"

கொஞ்ச நேரம் யாரும் பேசல. பில்டரோட ஆள் நோட்டுல ஏதோ குறிச்சிக்கிட்டு, ஆர்க்கிடெக்ட்கிட்ட காம்பவுண்ட உள்ள தள்ளி ஒரு டிராயிங் போடச் சொல்றேன், ஆனா முன்னாடி ரெண்டு கார் பார்க்கிங் போகும், அது யாரோடதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்கன்னாரு. அதுல ஒண்ணு என்னோடதா இருக்கட்டும்னு சொல்லிட்டேன். இன்னொண்ணு யாருதுன்னு வர்ற ஞாயித்துக்கிழமை பேசறோம்.